நாலு பேர் என்ன சொல்வார்கள்?

சித்திரை வெயில் சுட்டெரிக்கும் நண்பகல். பள்ளிக்கு விடுமுறை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, மணிலாக் கொல்லைகளுக்கு நடுவே என் தாய்மாமனின் கிணறு இருக்கிறது. கருங்கல்லால் கட்டிய கிணறு. உள்ளே இறங்கப் படிகள். விளிம்பை ஒட்டி மோட்டார் அறை. அன்று அந்தக் கிணற்றில் பன்னிரண்டு பதின்மூன்று சிறுவர்கள். பாதிப்பேர் என் மாணவர்கள். மோட்டார் அறையின் கூரைமேல் ஏறுகிறார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்துபோலச் சுருண்டு குதிக்கிறார்கள். நீர் சிதறிச் சுவரெல்லாம் நனைகிறது. ஒருவனை ஒருவன் தொட்டுப் பிடிக்கிறார்கள், மூழ்கித் தப்புகிறார்கள், அடியாழம்வரை சென்று ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிவந்து, "பாருடா!" என்று உயர்த்திக் காட்டுகிறார்கள். சேறு காட்டியவன் வீரன். வெறுங்கையோடு வந்தவன் மறுபடி மூழ்கவேண்டும். இதுதான் அங்கே சட்டம்.

வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நான் கரையில் நின்றிருந்தேன். ஒருவன் தலையை நீருக்கு வெளியே நீட்டிக் கூவினான்: "சார்! நீங்களும் குதிங்க சார்!"

"இல்லப்பா, எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

பொய், தோழர்களே! எனக்கு வேலை ஏதும் இல்லை. வீட்டுக்குச் சென்று மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பதைத் தவிர அன்றைக்கு ஒரு கடமையும் எனக்குக் காத்திருக்கவில்லை. நீந்தவும் தெரியும். சுரைக்குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு அதே கிணற்றில் கற்றவன்தான் நான். குதிக்க ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்? அப்படியிருந்தும் பொய் சொன்னேன். அதுவும் எப்படிப்பட்ட பொய்! பொய் பேசலாகாது என்று ஆண்டு முழுதும் யாருக்குப் பாடம் நடத்தினேனோ, அவர்களிடமே சொன்ன பொய். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொய் என்னைக் குடைந்தது. எதை மறைக்க அதைச் சொன்னேன்? எவருக்கு அஞ்சிச் சொன்னேன்?

கல்லூரியில் படித்த ஒரு பாட்டு அப்போது நினைவுக்கு வந்தது. புறநானூற்றின் 243ஆம் பாட்டு. பாட்டிலுள்ள சொற்றொடரே பெயராகிவிட்ட புலவர், தொடித்தலை விழுத்தண்டினார், பாடியது. பூண் போட்ட கைத்தடியை ஊன்றி நடக்கும் முதியவர் ஒருவர் பேசுகிறார். பேச்சுக்கு நடுவே இருமல் வருகிறது. இளமையில் தோழியரோடு கைகோத்து ஆடியதை எண்ணுகிறார். நீர்த்துறையில் தாழ்ந்து கிடந்த மருதமரத்துக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்கும்படி ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டியதை எண்ணுகிறார். அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த மணலும் என் மாணவன் உயர்த்திக் காட்டிய சேறும் ஒன்றுதான். ஆட்டம் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை.

அந்த முதியவரின் துயரம் நமக்குப் புரிகிறது. உடல் தளர்ந்துவிட்டது, கோல் வந்துவிட்டது, இனி மரமேற இயலாது. ஆனால் எனக்கு வயது இருபத்தாறு! கையில் கோல் இல்லை. நெஞ்சில் இருமல் இல்லை. அவரைத் தடுத்தது முதுமை. என்னைத் தடுத்தது யாது?

வாத்தியார் கிணற்றில் குதித்தார் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த எண்ணந்தான் தடுத்தது.

தமிழன் வாழ்வில் அரசாங்கத்தைவிட வல்லமை படைத்தது இந்த நாலு பேர் குழு. தேர்தலில் நின்றதில்லை, எவரும் தேர்ந்தெடுத்ததுமில்லை, எங்கே கூடுகிறார்கள் என்பதும் தெரியாது. ஆனால் திருமணத்துக்கு எத்தனை பவுன் நகை, சாவுக்கு எத்தனை நாள் தீட்டு, கைம்பெண் நெற்றியில் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வழங்குவோர் அவர்களே. அந்தத் தீர்ப்புகளை எதிர்த்துத்தான் நம் முன்னோர் மேடை மேடையாகப் பேசினர்; கல்லடியும் சாணியடியும் பட்டனர். அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த நான், சாதகம் பார்ப்பதில்லை, சகுனம் பார்ப்பதில்லை, இராகு காலம் பார்ப்பதில்லை என்று மார்தட்டும் நான், ஒரு முழுக்குப் போடுவதற்கு அந்த நாலு பேருக்கு அஞ்சினேன்!

வளர்ந்தவர்கள் விளையாடுவதே இல்லை என்று சொல்வதற்கில்லை. எங்கள் வட்டாரத்திற்குக் கோடையில் வந்து பாருங்கள். ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் விழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. கட்டியங்காரன் வந்து நின்றால் போதும், பேரன் பேத்தி எடுத்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசி நாள் படுகளம். களிமண்ணால் வடித்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேடம் கட்டிய வீமன் கதையைச் சுழற்றியபடி அவனைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறி ஓடும். நாற்பது வயது நில உடைமையாளரும் ஓடுவார்; வேட்டி அவிழ்வதையும் பாராமல் ஓடுவார். இன்னும் சில விழாக்களில் மஞ்சள் நீராட்டு, உறியடி, வழுக்கு மரம். ஆண்டு முழுதும் மைத்துனன் முகத்தை நேராகப் பார்த்துச் சிரிக்காதவர், அன்று ஒரு குடம் மஞ்சள் நீரை அவன் தலையில் கவிழ்த்துவிட்டுச் சிறுபிள்ளைபோலத் தெருவில் ஓடுவார்.

அவர்களை அங்கே இழுப்பது பக்தி மட்டுந்தானா? இல்லை என்பேன். கூத்துப் பார்க்க வருவோரில் பாதிப்பேர் கும்பிட வருவதில்லை, குதூகலிக்க வருகிறார்கள். ஆடவேண்டும், ஓடவேண்டும், நனையவேண்டும், நனைக்கவேண்டும் என்ற ஆசை வளர்ந்த மனிதனுக்குள்ளும் உறங்காமல் கிடக்கிறது. அதை வெளியே விடுவதற்கு அவனுக்கு ஓர் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. சாமி பேரைச் சொன்னால் சீட்டுக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள், கோயில் கணக்கில், அவன் குழந்தையாகலாம். மறுநாள் காலையில் மீசையை முறுக்கிக்கொண்டு பெரிய மனிதனாகிவிடவேண்டும். நாலு பேரும் அன்று ஒருநாள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"கடவுள் சாக்கு எதற்கு? ஆட வேண்டுமானால் ஆடு!" என்று நாம் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்தச் சாக்கை எடுத்தெறிந்த நாம், அந்த இடத்தில் எதை வைத்தோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லவேண்டும். பயன் என்ற புதிய தெய்வத்தை அல்லவா வைத்தோம்! நீந்தலாமா என்று கேட்டால் நுரையீரலுக்கு நல்லது என்கிறோம். பல்லாங்குழி ஆடலாமா என்றால் கணக்கறிவு வளரும் என்கிறோம். சடுகுடு எத்தனையோ காலமாகக் களத்துமேட்டில் ஆடப்பட்டு வந்தது. அப்போது அது காலிப்பயல்களின் ஆட்டம். 1990இல் பீஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்ற பெயரோடு இடம்பெற்றுப் பதக்கம் வாங்கித் தந்தது; உடனே அது நம் பாரம்பரியப் பெருமை ஆயிற்று! ஏதாவது ஒன்றைச் சம்பாதித்துக் கொண்டுவந்தால்தான் விளையாட்டுக்கு வீட்டுக்குள் இடம். சும்மா மகிழ்ச்சிக்காக என்று சொன்னால், "வேலை வெட்டி இல்லையா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பதில் ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் வேறுபாடே இல்லை.

சீர்திருத்தக்காரன் சிடுமூஞ்சியானால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாற்றிலே ஓர் ஏடு இருக்கிறது. 1618இல் மன்னன் முதலாம் ஜேம்ஸ் ஓர் அறிக்கை விடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தொழுகை முடிந்தபின் மக்கள் நடனமாடலாம், அம்பெய்யலாம், தாண்டிக் குதிக்கலாம், மே மாதத்தில் கம்பம் நட்டுச் சுற்றி ஆடலாம் என்று அனுமதித்தான். கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்ற நிபந்தனையும் போட்டான். பாருங்கள், அங்கேயும் சாமி கையால்தான் சீட்டு! அவன் மகன் முதலாம் சார்லஸ் 1633இல் அதே அறிக்கையை மீண்டும் வெளியிட்டான். பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைக் கட்சியார் கொதித்தெழுந்தனர். மன்னனின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்து நின்ற தீரர்கள்தாம் அவர்கள்; ஐயமில்லை. ஆனால் அதிகாரம் கைக்கு வந்ததும் 1643இல் அந்த விளையாட்டு அறிக்கையைப் பொது இடத்தில் தீயிட்டனர். மறு ஆண்டு மே கம்பங்களை எல்லாம் பிடுங்கி எறியச் சட்டம் செய்தனர். நாடகக் கொட்டகைகளை அதற்கு முன்பே மூடியாயிற்று. முடியாட்சியை ஒழித்தவர்கள், மக்கள் முகத்திலிருந்த சிரிப்பையும் சேர்த்து ஒழிக்கப் பார்த்தனர். 1660இல் மன்னராட்சி திரும்பியபோது ஊருக்கு ஊர் கம்பம் நட்டு மக்கள் கூத்தாடினார்கள். மன்னன்மீது கொண்ட காதல் மட்டுந்தானா அதற்குக் காரணம்? தங்களை ஆடவிடாதவர்கள் தொலைந்தார்கள் என்ற நிம்மதிக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் தோழர் ஒருவர், என்னைவிட மூத்தவர், களப்பணியில் காலமெல்லாம் கழித்தவர், இந்த இடத்தில் குறுக்கிட்டார். "குடிக்கக் கஞ்சிக்கு வழியில்லாதவன் இருக்கும் நாட்டில் கிணற்றுக் கும்மாளம் பற்றியா கட்டுரை? அவனிடம் போய்ச் சொல்லிப் பார், பல்லாங்குழி ஆடு என்று!" என்றார். கேலியாகக் கேட்டார், ஆனால் கேள்வி கேலிக்குரியதன்று. அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்ல எனக்கு உரிமையில்லை.

வயிறு முதலில், மறுக்கவில்லை. ஆனால் உழைப்பாளி கேட்டது வயிற்றுக்கு மட்டுந்தானா? 1817 வாக்கிலேயே இராபர்ட் ஓவன் நாளை மூன்றாகப் பகுத்தார். எட்டு மணி உழைப்புக்கு, எட்டு மணி உறக்கத்துக்கு, மீதி எட்டு? அது கேளிக்கைக்கு என்றார். 1886இல் சிகாகோ தொழிலாளர் எட்டு மணி வேலைநேரத்துக்காகத் தெருவில் இறங்கி இரத்தம் சிந்தியபோது, அவர்கள் கேட்டதில் அந்த மூன்றாவது எட்டும் அடங்கியிருந்தது. சிங்காரவேலர் 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் கூட்டம் கூட்டி, இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாள் கொண்டாடினார். அதுவும் கோடைதான், கத்திரி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எல்லை வகுத்தது. அந்த எல்லையும் கல்லில் செதுக்கியது அன்று. 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் நடந்து முடிந்த அந்த வழக்கிலே பறிபோகவிருந்தது எது? கூலியா? இல்லை, தொழிலாளி தன் பிள்ளையோடு தெருவில் நின்று பட்டம் விடும் அந்தி வேளை!

ஆகவே அந்தத் தோழருக்கு நான் சொன்னேன்: "ஐயா, விளையாட்டு என்பது வயிறு நிறைந்தவனின் ஏப்பம் அன்று. வயிறு எதற்காக நிறைய வேண்டுமோ, அவற்றுள் ஒன்று." உழைப்பைப் புனிதம் என்று உழைப்பவனிடம் பாடிக்கொண்டே இருப்பவர்கள் யார் என்று பெர்ட்ரண்டு ரசல் 1932இல் ஒரு கட்டுரையில் தோலுரித்தார். நாளொன்றுக்கு நாலு மணி உழைத்தால் உலகுக்குப் போதும் என்பது அவர் வாதம். 'இனி வரும் உலகம்' எழுதிய பெரியாரும், அறிவு வளர வளர மனிதன் உழைக்கவேண்டிய நேரம் சுருங்கும் என்றே கண்டார். சுருங்கி மிஞ்சும் அந்த நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? கூட்டத்துக்குப் போவான், ஏடு படிப்பான், நல்லது. எந்நேரமும் அதையேவா செய்வான்? நானே செய்யமாட்டேன்!

ஓய்வைப் போற்றியவர்களுக்குள்ளும் ஓரவஞ்சனை உண்டு. ஓய்வுக்காகவே உழைக்கிறோம் என்று கிரேக்கத்து அரிஸ்டாட்டில் எழுதினார்; நல்ல சிந்தனை. ஆனால் அவர் வீட்டு வேலையைச் செய்தவர்கள் அடிமைகள். அடிமை முறை இயற்கையானதே என்றும் எழுதிவைத்தார் அதே அறிஞர். ஒருவன் ஆட இன்னொருத்தி மாவாட்டினால் அந்த ஆட்டத்தை என்னவென்று அழைப்பது?

ஏதென்சு வரை போவானேன்? எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியைப் பாருங்கள். கோடைப் பகலில் அங்கே ஆடுபுலி ஆட்டம் நடக்கும், ஒருபக்கம் சீட்டுக்கட்டு. கரியால் கோடு கிழித்து, மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து கூழாங்கல் ஆடு. ஆடுபவர்கள் அனைவரும் ஆண்கள். அந்த நேரத்தில் பெண்கள் எங்கே? அடுப்படியில், அல்லது மொட்டை மாடியில் கூழ்வற்றல் பிழிந்துகொண்டு. ஏரியில் மண்வெட்டப் போன பெண்கள் உணவு இடைவேளையில் கரை நிழலில் அமர்ந்து ஐந்து கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடியதை ஒருமுறை கண்டேன். ஐம்பது வயதைக் கடந்தவர்கள். சாலையில் ஓர் ஆணின் வண்டிச் சத்தம் கேட்டதும் கற்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள். களவாடியவர்கள்போல மறைத்தார்கள். களவு போனது அவர்களுடைய பொருள் என்பதை அவர்களே அறியவில்லை.

தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்ற நூலை எழுதினார். பண்டிதர் ஒருவர் வேர்ச்சொல் ஆராய்ச்சியைச் சற்றே ஒதுக்கிவைத்து, தெருப்பிள்ளைகளின் ஆட்டங்களைப் பொறுமையாக எழுதிவைத்தது சிறுமை என்று அவர் எண்ணவில்லை. இந்த விடுமுறையில் நான் என் தாயாரிடம் அந்நூலைப் பற்றிப் பேசினேன். பேச்சுவாக்கில், பரணில் ஒரு பல்லாங்குழிப் பலகை கிடப்பதாகச் சொன்னார். அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஏறி எடுத்தேன், தூசி தட்டினேன், பதினான்கு குழிகளிலும் புளியங்கொட்டை நிரப்பினோம். "எனக்கெங்கப்பா ஞாபகம் இருக்கப்போவுது" என்றார். இரண்டாம் சுற்றிலேயே என் பக்கத்துக் குழிகள் காலி. நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ள வேண்டும். நான் எண்ணி முடிப்பதற்குள் அவர் அள்ளி முடித்துவிடுவார். எட்டு மணிக்குச் சோறு வடிக்க எழுந்தவரைப் பிடித்து உட்காரவைத்து, நான் போய் உலை வைத்தேன். சோறு குழைந்துவிட்டது, அது வேறு கதை. அன்றிரவு என் தாயார் சிரித்த சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் கேட்டதில்லை. திருமணமாகி வந்த நாள் முதல் அந்தப் பலகை பரணில் ஏறியிருக்கிறது. ஏற்றியது யார் என்று கேட்டேன். "யாருமில்ல. மருமக உக்காந்து பல்லாங்குழி ஆடினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார்.

மீண்டும் அதே நாலு பேர்!

இனி, நான் தள்ளிவைத்துக்கொண்டே வந்த செய்திக்கு வருகிறேன். அன்று கிணற்றுக் கரையில் நான் மட்டும் நிற்கவில்லை. எதிர்க்கரையில் இன்னொருவன் நின்றிருந்தான். அவனும் என் மாணவனே, ஒன்பதாம் வகுப்பு, ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருபவன், காலனியிலிருந்து வருபவன். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். குதிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. "சார், நீங்களும் குதிங்க" என்று என்னை அழைத்த அதே வாய் அவனை அழைக்கவில்லை. நானும் அவனைப் பார்த்தேன், தோழர்களே; பார்த்தும், என் வேட்டியின் வெண்மையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். இரவில் படுத்தபின்தான் உறைத்தது. கிணற்றைச் சுற்றி இரண்டு பேர் நின்றோம். என்னைக் கரையில் நிறுத்தியது கௌரவம். அவனைக் கரையில் நிறுத்தியதும் கௌரவமே. ஆனால் அவனுடையது அன்று, பிறருடையது. எனக்கு அது பொன்விலங்கு. விரும்பினால் கழற்றிவிட்டுக் குதிக்கலாம்.

1927 மார்ச் 20இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி முன்பே தீர்மானம் செய்திருந்தது. தாளில் இருந்த உரிமை தண்ணீரில் இல்லை. அதனால் ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று குடித்துக் காட்டவேண்டியிருந்தது. குடிக்கும் நீருக்கே அந்தப் போராட்டம். குளிக்கும் நீர், குதிக்கும் நீர் பற்றி எவரும் தீர்மானம் போடுவதில்லை. அது அற்பம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை போனால்கூட, ஒரே நீரில் உடம்போடு உடம்பு உரச மூழ்கி, ஒருவன் காலை ஒருவன் பிடித்து இழுத்து, ஒருவன் தோளில் ஒருவன் ஏறிக் குதிக்கும் அந்த ஆட்டத்தைச் சாதி எளிதில் பொறுக்காது. சடுகுடுக் கோட்டுக்குள் பண்ணையார் மகன் காலைக் கூலியாள் மகன் கவ்விப் பிடிக்கலாம், பிடித்தால்தான் ஆட்டம். ஆட்டத்தின் சட்டத்துக்கு முன்னே பிறப்பு செல்லாது. தோற்றவன் அடுத்த ஆட்டத்தில் வெல்வான். தோற்றதால் கீழ்மகன் ஆவதில்லை. ஆகையால்தான் வளர்ந்தவர்களை ஆடவிட்டால் ஆபத்து என்று பழமைக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தையாக இருக்கும்வரை, "போகட்டும், பிள்ளைகள்" என்று விடும். மீசை அரும்பும் பருவத்தில் ஆணைப் பெண்ணிடமிருந்து பிரிக்கும், தெருவைத் தெருவிடமிருந்து பிரிக்கும். அதற்குப் பிறகு விளையாட்டையே சிறுபிள்ளைத்தனம் என்று பட்டம் கட்டி ஒதுக்கும். என் மாணவன் ஒன்பதாம் வகுப்பில் அந்த வாசலை எட்டிவிட்டான்.

மறுநாள் காலை மாமாவிடம் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னிக்கு நான் கெணத்துல குதிக்கப் போறேன்."

சிரித்தார். "வாத்தியாரு வேலைக்குப் போனப்புறமா? குதி, குதி."

"அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வரேன்." பெயரையும் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. வாளியைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் அல்லர். என்னைப் படிக்க வைத்ததில் அவர் பணமும் உண்டு. "எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ளே" என்றார். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தர் மாமா, நான் ஒருத்தன். மீதி ரெண்டு பேர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் மறுமொழி சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அதை இசைவு என்று கொள்வதா, மறுப்பு என்று கொள்வதா? படிகளில் முள் வெட்டிப் போடுவாரோ, மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்துவிடுவாரோ என்று நண்பகல்வரை மனம் அடித்துக்கொண்டது. எதுவும் செய்யவில்லை. வரவும் இல்லை.

பையனை அழைக்கப் போனபோது அவன் தாயார் வாசலில் நின்று, "எதுக்கு சார் வம்பு? அவன் பாட்டுக்கு வூட்ல இருக்கட்டும்" என்றார். அந்த அச்சத்தைப் பழிக்க நான் யார்? வம்பு வந்தால் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல், அவர்களுக்கு அப்படியா? நீண்ட நேரம் பேசினேன். இறுதியில், "நீங்க கூடவே இருக்கறதா இருந்தா" என்றார். கூடவே இருப்பதாகச் சொன்னேன். இப்போது கொடுத்த சொல் அன்று. கோடை முழுதும் காக்கவேண்டிய சொல்.

அன்று கிணற்றுக்கு வந்த பிள்ளைகள் ஒன்பது பேர். முந்தின நாள் பதின்மூன்று. வராத நால்வரின் வீட்டிலும் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது அரிதன்று. நீந்தத் தெரியாதவர் எவரேனும் உண்டா என்று முதலில் கேட்டேன். ஒருவன் கையைத் தூக்கினான். அவன் இடுப்பில் கயிறும் முதுகில் பிளாஸ்டிக் கேனும் கட்டிப் படியில் உட்காரவைத்தோம். ஆண்டுதோறும் கோடையில் கிணறு பலிவாங்கிய செய்தி வராத நாளேட்டைக் காண்பதரிது. கற்றுக்கொண்டு குதிப்பதே ஆட்டம்.

வேட்டியை அவிழ்த்து மோட்டார் அறைக் கதவில் மாட்டினேன். கூரைமேல் ஏறி நின்றால் கிணறு கீழிருந்து பார்ப்பதைவிட இருமடங்கு ஆழமாகத் தெரிந்தது. தொலைவில் திருவண்ணாமலை மலையின் முகடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவன் என் பக்கத்தில் நின்றான். கீழேயிருந்து ஒருவன், "ரெண்டு பேரும் ஒண்ணா!" என்று கத்தினான், அது யார் குரல் என்று தெரியவில்லை. குதித்தோம். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குளிர்ச்சி உச்சந்தலையில் ஏறியது. மேலே வெயில் கொதிக்க, ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே நீர் அத்தனை குளிர்ந்திருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கையை வீசிக் கீழே கீழே போனேன், காது அடைத்தது, மூச்சு முட்டியது, அடி கைக்கு எட்டவில்லை. வெறுங்கையோடு மேலே வந்தேன். பிள்ளைகள் ஆரவாரித்துச் சிரித்தார்கள். சட்டம் சட்டந்தான், மறுபடி மூழ்கவேண்டும் என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நான் தேடியபோது, அவன் இன்னும் மேலே வந்திருக்கவில்லை. பிறகு நீர் பிளந்தது. முகத்துக்கு முன்னால் அவன் கை வந்தது. கை நிறையச் சேறு.